பார்க் ஃபெர்மேயும் டீக்காரப் பையனும்

ஆடி கடைசி வெள்ளிக்குப் பேரன் வந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறு வந்தால் மோட்டார் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு பந்தயத் தடத்துக்குப் போய்விடுவான். தொழில்முறைப் பந்தயக்காரன் இல்லை. சொந்தக் காசைப் போட்டு, லீவு எடுத்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஓட்டுகிற ஆசைக்காரன். "இருக்கன்குடிக்குப் போறேன்" என்று நண்பர்களிடம் சொன்னால், "இருங்காட்டுக்கோட்டைதானே, நாங்களும் வர்றோம்" என்கிறார்களாம். அங்கே ரேஸ் தடம், இங்கே மாரியம்மன். இரண்டு இடத்திலும் வேண்டுதல் உண்டு என்று சொல்லிச் சிரித்தான்.

சாப்பாட்டில் உட்கார்ந்தபோது வேறு ஒரு கதை சொன்னான். முந்தின மாதம் அவன் கலந்துகொண்ட ஒரு நிகழ்ச்சியில் ஒருவருடைய ஹெல்மெட் காணாமல் போய்விட்டது. விலை முப்பதாயிரத்துக்கு மேல். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கொஞ்ச நேரம் தேடியிருக்கிறார்கள். பிறகு டீ கொண்டுவருகிற பையனைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் பையைத் தரையில் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை.

"அவனை ஏன்டா?" என்றேன்.

"வேற யாரு தாத்தா எடுத்திருப்பாங்க? எங்க ஆளுங்க எடுக்க மாட்டாங்க. பேடாக்ல எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி."

பேடாக் என்பது வண்டிகளை நிறுத்தி, கழற்றி, மாட்டுகிற திடல். எனக்குத் தெரியாத இடம் இல்லை. "எங்க ஆளுங்க எடுக்க மாட்டாங்க" என்ற வாக்கியமும் எனக்குப் புதிது இல்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்துக்கு முன் அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, மதராஸில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் ஸ்டோர்ஸ் பிரிவு. எழுபதுகளில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு பைக் ரேஸ் பைத்தியம். அவருடைய யெஸ்டிக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற எடுபிடியாக நானும் போவேன். அந்தக் காலத்தில் ரேஸ் என்றாலே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்திவந்தது. இருங்காட்டுக்கோட்டைத் தடமெல்லாம் பின்னால் வந்தது. சோழவரம் தவிர அங்கங்கே சின்னச் சின்னப் பந்தயங்களும் நடக்கும்.

அங்கே நான் பார்த்த நம்பிக்கையைக் கேலி செய்ய வரவில்லை. ஒருவனுக்கு கிளட்ச் கேபிள் அறுந்தால், அவனோடு போட்டி போடுகிறவனே தன்னிடம் இருக்கிற உபரி கேபிளைக் கொடுப்பான். ஸ்பார்க் பிளக் கேட்டால் விலை பேச மாட்டான். கீழே விழுந்தவனை முதலில் தூக்குவதும் அவனுக்குப் பின்னால் வந்தவன்தான். பணம் வராத, பேரும் பெரிதாக வராத ஒரு விளையாட்டை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருப்பது இந்தக் கைமாற்று மனசுதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்படி ஒரு சின்னப் பந்தயத்தில், மத்தியானம், எங்கள் ஆளுடைய கார்புரேட்டர் ஜெட்டுகள் இருந்த தகர டப்பாவைக் காணோம். ஜெட் என்பது பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்று அளந்து விடுகிற சின்னப் பித்தளைத் துண்டு. கையளவு டப்பாதான். ஆனால் அது இல்லாவிட்டால் அன்றைக்கு வண்டி சரியாக ஓடாது. பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். "எங்க ஆளுங்க எடுக்க மாட்டாங்க, இவன்தான் இங்கேயே சுத்திக்கிட்டிருந்தான்" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். டவுசர் பையை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். ஒருவர் கன்னத்தில் ஒன்று வைத்தார். பையன் அழவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் நாலு வண்டி தள்ளி நின்ற இன்னொரு பந்தயக்காரர் டப்பாவோடு வந்தார். "ஸாரிப்பா, அவசரத்துக்கு எடுத்தேன். நீ அங்கே இல்லை. நமக்குள்ளே என்ன?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு ஒரு சிகரெட்டும் கொடுத்தார்கள். பையனைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்ல ஒருவரும் கிளம்பவில்லை. நானும் கிளம்பவில்லை. கிராமம் அரை மைல்கூட இருக்காது.

இப்போது சொல்லுங்கள். அன்றைக்கு டப்பாவை எடுத்தவர் யார்? எங்க ஆள். அடி வாங்கியது யார்? எங்க ஆள் அல்லாதவன். "எங்களுக்குள் திருட்டு கிடையாது" என்று ஒரு கூட்டம் மார்தட்டும்போது, காணாமல் போகிற சாமான் நின்றுவிடுவதில்லை. பழி மட்டும் வெளியே போகிறது. தண்ணீர் சுமப்பவன், டீ கொடுப்பவன், டயர் உருட்டுகிறவன், வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரன் என்று யாராவது ஒருவன் தலையில் போய் விழுகிறது. உள்ளே இருக்கிறவர்களின் நம்பிக்கைக்கு வெளியே இருக்கிறவன் விலை கொடுக்கிறான்.

சொல்லாமல் எடுப்பது திருட்டு ஆகாது, திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேர் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1952இல் ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு பயிற்சி மாணவர் அனுமதி இல்லாமல் விமானத்தையே எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்தவர் சம்மதம் இல்லாமல், தவறான ஆதாயத்துக்காகக் கொஞ்ச நேரம் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருட்டாகலாம் என்று 1957இல் தீர்ப்பு வந்தது. விமானத்துக்கு ஒரு சட்டம், ஜெட் டப்பாவுக்கு ஒரு சட்டம் என்று இல்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், மோட்டார் பந்தயம்போலச் சந்தேகத்தை ஒழுங்காகக் கையாளுகிற விளையாட்டு வேறு இல்லை. ஆரம்பம் பிரெஞ்சுக்காரர்களுடையது. முதல் கிராண்ட் ப்ரீ 1906இல் ல மான் நகரத்துப் பக்கம் நடந்தது. இந்த விளையாட்டின் உலக அமைப்பு 1904இல் பாரீசில் ஆரம்பித்தது. அதனால் சட்ட வார்த்தைகள் பலவும் பிரெஞ்சில்தான். அதில் ஒன்று 'பார்க் ஃபெர்மே'. எங்கள் வகுப்பில் வாத்தியார் நுழைந்ததும் "ஃபெர்மே லா போர்த்" என்று கத்துவார், கதவைச் சாத்து என்று அர்த்தம். அதே 'ஃபெர்மே'தான் இதுவும். சாத்தின திடல். பந்தயம் முடிந்ததும் வண்டிகளை அதற்குள் நிறுத்திவிட வேண்டும். அதிகாரிகள் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. வண்டியின் சொந்தக்காரனே தொடக்கூடாது. முதலில் வந்தவனுக்கும் அதே சட்டம், கடைசியில் வந்தவனுக்கும் அதே சட்டம். உலக சாம்பியன்கூட "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று முகத்தைத் தூக்கிக்கொள்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. சக பந்தயக்காரன் விதியை மீறினான் என்று புகார் சொல்ல வேண்டுமானால் எழுத்தில் கொடுக்க வேண்டும். கூடவே பணம் கட்ட வேண்டும். புகாரில் உண்மை இல்லை என்றால் அந்தப் பணம் போனதுதான். எவ்வளவு நியாயமான ஏற்பாடு! ஒருவன் பெயரைக் கெடுப்பதற்கு முன் உன் காசை மேஜை மேல் வை என்கிறது சட்டம். டீக்காரப் பையனைத் திருடன் என்று சொல்ல மட்டும் எழுத்தும் வேண்டாம், காசும் வேண்டாம். விரலை நீட்டினால் போதும்.

வண்டியில் கட்டிவிடுகிற டிரான்ஸ்பாண்டரைப் பாருங்கள். எத்தனை வினாடியில் சுற்றி வந்தான் என்று கணக்கெடுக்கிற கருவி. அதைப் பல இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முன்பணமோ லைசென்ஸோ பிடித்து வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள் என்கிறான் பேரன். நடத்துகிறவர்களின் சாமான் என்றால் கணக்கு உண்டு. ஓட்டுகிறவனின் ஹெல்மெட், கையுறை, டார்க் ரெஞ்ச் என்றால் 'குடும்பம் மாதிரி' என்ற வார்த்தைதான் உண்டு.

"பூட்டு, பதிவேடு என்று ஆரம்பித்தால் அந்தச் சகோதர பாசமே போய்விடும் தாத்தா" என்றான் பேரன். அவன் வயதில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அன்று சாயங்காலம் அவனைக் கோவில் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் ஊருக்கு ஆடி கடைசி வெள்ளி என்றால் என்ன கூட்டம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் கோவில். பல ஊர்களிலிருந்து நடந்தே வந்த சனம் ஆற்று மணலில் அடுப்பு மூட்டி, துணி விரித்து, மூட்டை முடிச்சோடு படுத்துக் கிடக்கிறது. எல்லாரும் அம்மனை நம்பி வந்தவர்கள்தான். ஆனாலும் பெண்கள் சங்கிலியை ஊக்கு போட்டு ரவிக்கையோடு குத்தியிருக்கிறார்கள். மைக்கில் "நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். செருப்பை விட்டால் டோக்கன் கொடுக்கிறார்கள். நூறு ரூபாய்ச் செருப்புக்கும் டோக்கன், காரில் வந்தவரின் செருப்புக்கும் டோக்கன். யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை.

அங்கே ஒரு அம்மாள் பக்கத்தில் படுத்திருந்த, முன்பின் தெரியாத இன்னொரு அம்மாளிடம், "அக்கா, இந்த மூட்டையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க, முடியிறக்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த அக்காவும் மூட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பேரனிடம் காட்டினேன். இதுதான் நம்பிக்கை. முகத்தைப் பார்த்து, வாய் திறந்து, ஒப்படைத்துவிட்டுப் போவது. திறந்து போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை, அசிரத்தை.

நம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியோடு உள்ளே போகக்கூடாது. முப்பது வருஷம் வேலை பார்த்த போர்மேனுக்கும் கிடையாது, நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கும் கிடையாது. அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாருக்கும் பொதுவான சோதனை யாரையும் அவமானப்படுத்தாது. ஒருவனை மட்டும் தனியாக நிறுத்திச் சோதிப்பதுதான் அவமானம்.

ஸ்டோர்ஸ் பிரிவில் நான் கற்றதும் இதுதான். மேலதிகாரி ஸ்டேப்ளர் எடுத்தாலும் கையெழுத்து வாங்குவேன். பின்னால் என்னைக் கஞ்சன் என்று பேசினார்கள். ஆனால் ஒரு சாமான் குறைந்தால், பெருக்குகிற ஆயாவை முதலில் கூப்பிட வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை. பேரேட்டைப் புரட்டினால் கடைசியாக எடுத்தவர் யார் என்று தெரிந்துவிடும். பதிவேடு திருடனைப் பிடிப்பதற்காக மட்டும் இல்லை. திருடாதவனைக் காப்பாற்றுவதற்காகவும்தான். பிரெஞ்சில் ஒரு பேச்சு உண்டு, நம்பிக்கை இருப்பதால் சரிபார்ப்பு வேண்டாம் என்று ஆகாது என்பார்கள்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டின் உட்புறம் பெயரும் இரத்தப் பிரிவும் எழுதுகிறீர்கள், கருவிகளிலும் ஒரு அடையாளம் போடுங்கள். டார்க் ரெஞ்சையும் லேப்டாப்பையும் படம் எடுத்து, சீரியல் நம்பரைக் குறித்து வையுங்கள். பேடாக்கில் பூட்டுகிற மாதிரி ஓர் அறை, வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம், சம்பளத்துக்கு ஒரு காவல்காரர். நுழைவுக் கட்டணத்தில் ஆளுக்கு நூறு ரூபாய் கூட்டினால் அநேகமாக முடிந்துவிடும். வண்டி ஓட்டப் போகும்போது "என் சாமானைப் பார்த்துக்கங்க" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கைமாற்று வாங்கினால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வையுங்கள். அப்படியும் காணாமல் போனால் போலீசில் எழுதிக் கொடுங்கள். அடுத்தவன் சட்டைப் பையில் கைவிட உங்களுக்கு அதிகாரம் கிடையாது. அந்தப் பை டீக்காரப் பையனுடையதாக இருந்தாலும்.

திரும்பி வரும் வழியில் பேரன் பேசாமல் நடந்து வந்தான். ஹெல்மெட் இன்னும் கிடைக்கவில்லையாம். யார் எடுத்தார்கள் என்று எனக்கும் தெரியாது, அந்தப் பையனே எடுத்திருக்கவும் கூடும். அது எனக்கும் தெரியாது, பையைக் கொட்டியவர்களுக்கும் தெரியாது. அதுதான் விஷயமே.

"அந்தப் பையன் பேர் என்னடா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "தெரியலையே தாத்தா. டீ பையன்னுதான் கூப்பிடுவோம்."

அடுத்த தடவை போகும்போது முதலில் அதைக் கேட்டுக்கொண்டு வா என்றேன். எனக்கும் குடம் சுமந்த பையனின் பெயர் தெரியாது. இன்றைக்கு அவனுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அரை மைல் நடந்து போய்க் கேட்டிருக்கலாம்.