அவனை யாரும் கேட்கவில்லை

மனிதனும் இயந்திரமும் ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும்? 1995-ஆம் ஆண்டு ஜப்பானில் மமோரு ஓஷீ இயக்கிய 'கோஸ்ட் இன் த ஷெல்' இதைத்தான் கேட்கிறது. கார்ட்டூன் படந்தானே என்று எண்ணிவிடாதீர்கள். சில காட்சிகள் சிறுமியருக்கு ஏற்றவையல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கதை நடப்பது 2029-இல். காவல் அதிகாரி குசனாகியின் உடல் முழுவதும் இயந்திரம். ஆன்மாவைத்தான் 'கோஸ்ட்' என்கிறார்கள். வேலையை விட்டால் அவள் உடலையே அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்! 'பொம்மலாட்டக்காரன்' எனப்படும் ஒரு கணினி நிரல் அவளோடு ஒன்றாகக் கலக்க விரும்புகிறது. அதன்பின் தான் தானாகவே இருப்போமா என்று அவள் கேட்கிறாள். உறுதி கூற முடியாது என்கிறது அது.

படம் பார்த்தவர்கள் அவளைப் பற்றியே பேசுகிறார்கள். எங்களை அழவைத்தவனோ குப்பை அள்ளும் ஒரு தொழிலாளி. தனக்கு மனைவியும் மகளும் உண்டு என்று அவன் நம்புகிறான். பிடிபட்ட பிறகுதான் தெரிகிறது, அவன் தனியாக வாழ்பவன்; அந்த நினைவுகள் யாரோ அவன் மூளைக்குள் புகுத்தியவை. மகளின் படம் என்று அவன் பெருமையோடு காட்டிய புகைப்படத்தில் மகளே இல்லை! பொய் நினைவை எளிதில் நீக்கவும் முடியாதாம்.

இயந்திரம் உடலோடு சேர்வதே தீமை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இதயத்துக்குத் துணைநிற்கும் பேஸ்மேக்கரும் இயந்திரந்தான். ஆனால் நோயாளியின் சம்மதம் கேட்டே அதை வைக்கிறார்கள். குசனாகியையும் கேட்டார்கள். இந்த ஏழையை யார் கேட்டார்கள்?

விசாரணை அறையில் அவன் கண்ணீரோடு உட்கார்ந்திருக்க, கதை அவனை விட்டு நகர்ந்துவிடுகிறது. பிறகு அவன் என்ன ஆனான் என்று படம் சொல்லவேயில்லை. அது எங்களுக்குப் பெருங்குறையாகப் பட்டது.