நாம் விரும்பும் பதிலையும் ஐயுறுவோம்

நீரிழிவுப் பிரிவுக்கு வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மெட்ஃபார்மின் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடுமாமே?” இக்கேள்வியை நாங்கள் வரவேற்கிறோம். ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளவேண்டிய மருந்தைப் பற்றி வினவுவது நோயாளியின் உரிமை. எங்கள் கவலை, அக்கேள்விக்கு விடை தேடப்படும் முறையைப் பற்றியது.

மாத்திரையை விட்டுவிட மனம் விரும்பும்போது, விடச் சொல்லும் குரல் மட்டுமே காதில் விழுகிறது. அதே மாத்திரையைப் பல்லாண்டு உட்கொண்டு நலமாயிருக்கும் அண்டைவீட்டார் கண்ணில் படுவதில்லை. டயாலிசிஸுக்குச் சென்ற தூரத்து உறவினர் ஒருவர் சான்றாகிவிடுகிறார். அவருக்குச் சர்க்கரை எத்தனை ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தது, ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. இது ஐயம்போலத் தோன்றினும், முன்பே எடுத்த முடிவுக்குச் சாட்சி சேர்க்கும் வேலையே ஆகும்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. சிறுநீரகத்தின் வழியே உடலைவிட்டு வெளியேறுகிறது. எனவே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவு 45-க்குக் கீழே இறங்கினால் மருந்தின் அளவைக் குறைக்கிறோம். 30-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுகிறோம். ‘டாக்டரே நிறுத்திவிட்டார்; ஆகவே மாத்திரைதான் காரணம்’ என்னும் எண்ணம் இங்கே பிறக்கிறது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளைச் சிதைப்பவை, நெடுங்காலம் உயர்ந்து நிற்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமுமே. சிறுநீரகத்தைக் காக்கவென்று மாத்திரையை விட்டுச் சர்க்கரையை ஏறவிடுபவர், காக்க நினைத்ததையே இழக்க நேரிடும். இம்மருந்துக்கும் குறைகள் உண்டு. சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். நாள்பட உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையலாம். அவற்றைப் பரிசோதித்துச் சரிசெய்ய இயலும்.

மாத்திரையிடம் கேட்ட கேள்வியை, அதற்கு மாற்றாகத் தரப்படும் பொடியிடமும் கேட்கவேண்டும். இதில் என்னென்ன கலந்துள்ளன? சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது என்று எவ்வாறு அறிந்தார்கள்? 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக மூலிகை கலந்த மருந்துகளை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அரிஸ்டோலோக்கியா என்னும் தாவர இனத்தின் நச்சே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

இக்குறை நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவ உலகுக்கும் உண்டு. மாரடைப்புக்குப் பின் தோன்றும் சீரற்ற துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கப்படும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் உறுதியாக நம்பினர். மருந்து கொடுத்ததும் துடிப்புகள் அடங்கின, நம்பிக்கையும் வலுத்தது. ஆனால் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வின் முடிவு 1989-இல் வெளியானபோது, அம்மருந்துகளைப் பெற்றோரிடையேதான் இறப்பு மிகுந்திருந்தது. தம் நம்பிக்கை பொய்யாகவும் வாய்ப்புள்ள ஒரு சோதனைக்கு அதனை உட்படுத்தியதாலேயே மருத்துவர்கள் உண்மையை அறிந்தனர்.

நல்ல ஐயத்தின் அடையாளம் அதுவே. ‘எந்தச் சான்று கிடைத்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்?’ என்று விடை தேடும் முன்பே தன்னைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் மாற்றாது என்று மனம் சொன்னால், அங்கே இருப்பது ஐயமன்று, பிடிவாதம்.

ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்துவதற்கு முன் உங்கள் ஐயத்தை எங்களிடம் கொண்டுவாருங்கள். வீட்டில் உட்கொள்ளும் பொடியையும் சூரணத்தையும் மறைக்காமல் எடுத்துவாருங்கள். கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகியவற்றின் பழைய, புதிய அறிக்கைகளை அருகருகே வைத்துச் சேர்ந்தே பார்ப்போம். எங்கள் பரிந்துரைக்கும் காரணம் கேளுங்கள். சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.