புதிய தூதரகத்தில் எத்தனை பேர்?

வளைகுடா நகரொன்றில் நம் நாட்டின் துணைத் தூதரகம் புதிதாக அமைய வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், நாம் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறோம். அங்கே எத்தனை பேர் பணியாற்றுவார்கள் என்று கேட்பதில்லை. பயன் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

அதை நம் அரசு மட்டும் முடிவு செய்துவிட முடியாது. 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி, துணைத் தூதரகம் திறக்கவே அந்நாட்டின் இசைவு தேவை. தனி உடன்பாடு இல்லாதபோது, ஊழியர் தொகை நியாயமான வரம்பைத் தாண்டக்கூடாது என்று கோரவும் அந்நாட்டிற்கு உரிமை உண்டு. ஆகவே கேட்கும் ஒவ்வோர் இடத்திற்கும் காரணம் காட்டியாக வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அப்பகுதியில் வாழ்வோர் 1 இலட்சம் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 புதுப்பித்தல்கள். 250 வேலை நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 40. விண்ணப்பம் பெறுவதைத் தனியாரிடம் ஒப்படைக்கலாம். முடிவெடுக்க அதிகாரி வேண்டும். இதற்கு ஆள் கணக்கிடுவது எளிது.

எளிதில் அடங்காதவை வேறு. தொழிலாளர் முகாமில் ஒருவர் மரணமடைந்தால், மருத்துவமனை, காவல் நிலையம், முதலாளி என்று அலைந்து தாள்களைப் பெற்றால்தான் ஜனாஸாவை ஊருக்கு அனுப்பவோ, அங்கேயே அடக்கவோ வழி பிறக்கும். சிறைப்பட்டவரைக் காண ஒருவர் நேரில் செல்ல வேண்டும். அரபு மொழி அறிந்த ஒருவர் இவ்விரண்டுக்கும் அலைந்தாலே அன்றையப் பொழுது போய்விடும். ஊரில் காத்திருக்கும் குடும்பத்திற்கோ ஒவ்வொரு நாளும் ஒரு யுகம்.

திடீர் நெருக்கடிகளும் உண்டு. 2018லும் 2024லும் ஐக்கிய அரபு அமீரகம் பொதுமன்னிப்பு அறிவித்தபோதும், 2020இல் பெருந்தொற்றால் தாயகம் திரும்புவோர் குவிந்தபோதும் வழக்கமான ஊழியர் தொகை எப்படிப் போதும்? ஜித்தாவில் ஹஜ் காலத்திற்கென்று தாயகத்திலிருந்து அலுவலர்களும் மருத்துவர்களும் தற்காலிகமாக அனுப்பப்படுகிறார்கள். புதிய அலுவலகத்திற்கும் இத்தகைய ஏற்பாடு தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அயல்நாட்டில் உள்ளோரின் குறைகளைப் பதிவு செய்ய நம் வெளியுறவு அமைச்சகம் 2015இல் 'மதத்' என்னும் இணைய ஏற்பாட்டைத் தொடங்கியது. உறவினருக்கு இடர் வந்தால், தெரிந்தவர்களிடம் சொல்வதோடு நில்லாமல் அதிலும் பதியுங்கள். பதிவாகாத துன்பத்திற்கு எந்தத் திட்டமும் ஆள் ஒதுக்குவதில்லை.