முப்பத்தோராம் நாளுக்குப் பின்னரும் துணை வேண்டும்

எமது கிராமங்களில் ஒரு மரணம் நிகழ்ந்தால் மரண உதவிச் சங்கம் உடனே முன்வருகிறது. பந்தல், கதிரை, பெட்டி, தேநீர் ஆகிய எல்லாவற்றையும் அது பொறுப்பேற்கிறது. இடம்பெயர்ந்து கொட்டில்களில் வாழ்ந்த காலத்திலும் எமது மக்கள் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. ஆனால் முப்பத்தோராம் நாளுடன் சங்கத்தின் வேலை முடிந்துவிடுகிறது. துணையை இழந்தவரோ அதன் பின்னர் பில்லுகளுடனும் படிவங்களுடனும் தனியே அலைகிறார். இந்த அலைச்சலிலும் சங்கம் துணை நிற்க வேண்டும் என்பதே எமது கருத்து.

அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம்தான். ஆயினும் வெளியில் எடுக்கச் சொன்ன ஸ்கான், மருந்துக்கடையில் வாங்கிய மருந்து, வான் கூலி, தனியார் வைத்தியசாலையில் கழித்த சில நாட்கள் என்பன சேர்ந்து ஒரு போகத்தின் வருமானத்தையே விழுங்கிவிடும். பெரும்பாலும் இந்தப் பணம் நகை அடைவு வைத்தோ கைமாற்றாகவோ பெறப்பட்டது. மரணவீடு முடிந்ததும் கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வருகிறார்கள். காணியை ஈடுவைக்கும் பேச்சும் அப்போதே எழுகிறது. குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் எங்கெங்கே உண்டு என்று பார்ப்பதற்கு முன்னர் காணியில் கைவைக்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவர் எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையொப்பமிடவும் கூடாது.

வரவேண்டிய பணம் பல இடங்களில் இருக்கலாம். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் எடுத்தபோது காப்புறுதிக்கென ஒரு தொகை கழிக்கப்பட்டதா என்று முதலில் கேட்க வேண்டும். கழிக்கப்பட்டிருந்தால், கடன் எடுத்தவரின் மரணத்தோடு எஞ்சிய கடனைக் காப்புறுதியே தீர்க்கக்கூடும். இதை அறியாமல் மாதந்தோறும் தவணை கட்டிவரும் பெண்கள் இருக்கிறார்கள். இறந்தவர் சில காலமேனும் ஆலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சம்பளத்துக்கு வேலை செய்திருந்தால், 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஊழியர் சேமலாப நிதியிலும், 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் அவர் பெயரில் பணம் இருக்கலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பணம் செலுத்தியவராயின், குடும்பத்துக்கு உள்ள உரித்தைக் கமநல சேவை நிலையத்தில் விசாரிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் திறவுகோல் மரணச் சான்றிதழ். வீட்டில் இயற்கையாக நேர்ந்த மரணத்தை ஐந்து நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கிராம அலுவலரின் அறிக்கையும் தேவை. திடீர் மரணமாயின் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை வேண்டும். மூன்று மாதங்கள் கடந்தால் காலங்கடந்த பதிவாகிவிடும், அலைச்சலும் கூடும். மரணம் எங்கே நிகழ்ந்ததோ அந்தப் பிரிவிலேயே பதியப்படும். சொந்த ஊரிலோ தற்போது குடியிருக்கும் ஊரிலோ அல்ல. பதிவில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று கையொப்பமிடுமுன் வாசித்துப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காகக் காப்புறுதிப் பணம் மாதக்கணக்கில் தடைப்படலாம்.

வைத்தியசாலைச் செலவுக்கும் காப்புறுதி இருந்தால் பில்லின் மூலப்பிரதி, பற்றுச்சீட்டு, டயக்னோசிஸ் காட் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் போட்டோப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டே மூலத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்த திகதியையும், பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தையும் அந்தப் பிரதியிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடவும் வழி உண்டு.

இடம்பெயர்ந்த எமக்கு இன்னுமொரு சுமை இருக்கிறது. 1990 இலும் 1995 இலும் 2009 இலும் உடுத்த உடுப்போடு வெளியேறியவர்களிடம் கலியாண எழுத்துப் பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் எப்படி இருக்கும்? பதிவுத் திருமணமாயின், பதிந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். காப்புறுதிப் பத்திரம் தொலைந்ததாகச் சத்தியக்கடதாசி கொடுத்துக் கோரிக்கையை முன்வைக்கலாம். “பத்திரம் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது” என்று ஒரு விதவையைத் திருப்பி அனுப்பும் அலுவலர், அவள் விரும்பித் தொலைத்ததுபோல நடத்துகிறார். என்ன செய்தால் முடியும் என்று சொல்லி அனுப்புவதே அவருடைய கடமை.

ஆகவே ஒவ்வொரு மரண உதவிச் சங்கமும் எழுத வாசிக்கத் தெரிந்த இருவரை, அதில் ஒருவர் பெண்ணாக, இந்த வேலைக்கு நியமிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே அவர்கள் வீட்டுக்குச் சென்று கடன், பில், காப்புறுதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதட்டும். அலுவலகத்துக்கு அவருடன் கூடவே போகட்டும். பஸ் கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம். ஒரு நாள் பந்தலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையல்ல.

கணவனும் மனைவியும் உயிரோடு இருக்கும்போதே செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். விதைநெல்லை எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்கிறோம். பத்திரங்களையும் அப்படியே சொல்லி வைப்போம்.