உயிருக்கு விலை பேசலாமா?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் முதுமொழி. ஆனால் நோய் இருக்கிறதா என்று அறிவதற்கே பெருஞ்செல்வம் தேவைப்படும் காலம் இது. அரசாங்கத்தின் கஜானாவோ அளவுள்ளது. ஒரு நோய்க்குச் செலவிட்ட பணம் வேறொரு நோயாளிக்குக் கிடைக்காது. ஆகவே, "இந்தச் செலவு தகுமா?" என்று கேட்பது கல்நெஞ்சர் கேள்வியன்று, பொறுப்புள்ளோர் கேள்வி என்பதே எங்கள் கருத்து. நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டங்களைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

உலகில் புற்றுநோய்களுள் மிகுதியான உயிர்களைப் பறிப்பது இந்நோயே. இருமலும் இளைப்பும் கண்டு மருத்துவரை நாடும்போது, பலருக்கு நோய் முற்றிப் பரவியிருக்கும். தொடக்கத்திலேயே தெரிந்தால் அறுவை சிகிச்சையால் குணமாக வழியுண்டு. அப்படியானால் எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் எக்ஸ்ரேயினால் இந்நோயின் சாவுகள் குறையவில்லை என்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2011-இல் காட்டிவிட்டது.

அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு நம்பிக்கை தந்தது. நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்த 53,454 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குக் குறைந்த கதிர்வீச்சுள்ள சி.டி. ஸ்கேனும், மறு பிரிவினருக்கு எக்ஸ்ரேயும் ஆண்டுக்கொரு முறையாக மூன்று முறை எடுத்தனர். ஸ்கேன் பிரிவில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் 20 சதவீதம் குறைந்தன. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் ஆய்வும் 2020-இல் இத்தகைய பயனையே கண்டது.

இனிச் செலவைப் பார்ப்போம். அந்த அமெரிக்க ஆய்வில் ஒருவரை இந்நோயின் சாவிலிருந்து காக்க ஏறத்தாழ 320 பேரைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஸ்கேன்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று சந்தேகத்தை எழுப்பியது. அச்சந்தேகங்களில் நூற்றுக்கு 96 புற்றுநோய் அல்ல என்று பின்னர் தெரிந்தது. அதுவரை எத்தனை மறுசோதனை, எத்தனை மனக்கலக்கம்! நல்ல உடல்நலத்துடன் கூடிய ஓர் ஆண்டு வாழ்வைக் கூட்டித்தர 81,000 டாலர் ஆகும் என்று 2014-இல் வல்லுநர் கணக்கிட்டனர். அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அப்போதும் புகைத்துக்கொண்டிருந்தோரிடம் அச்செலவு 43,000 டாலர். புகைப்பதை விட்டோரிடம் 615,000 டாலர். சோதனை ஒன்றேதான். ஆபத்து மிகுந்தோரைத் தேடிச் சோதித்தால் செலவு தகும். ஆபத்து குறைந்தோரையும் வரிசையில் நிறுத்தினால் பணம் கரையும்.

இதை உணர்ந்து நடந்தது இங்கிலாந்து. 2016-இல் மான்செஸ்டர் நகரின் ஏழைப் பகுதிகளில், கடைவளாகங்களுக்கே சோதனை வண்டிகளைக் கொண்டு சென்றனர். வந்தோரின் வயது, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கேட்டு, ஆபத்து மிகுந்த 1,384 பேருக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தனர். 42 பேரிடம் புற்றுநோய் இருந்தது. கண்ட புற்றுகளில் பத்தில் எட்டு தொடக்க நிலையில் இருந்தன. 2023 ஜூன் மாதத்தில், 55 முதல் 74 வயது வரையுள்ள, புகைக்கும் அல்லது முன்பு புகைத்த மக்களுக்காக இத்திட்டத்தை நாடு முழுவதும் விரிவாக்க அந்நாட்டு அரசு முடிவு செய்தது. முழுமையாக நடக்கும்போது ஆண்டுக்கு 27 கோடி பவுன் செலவாகும் என்றும் அறிவித்தது.

"தாமே தேடிக்கொண்ட நோய்க்குப் பொதுப் பணமா?" என்று சிலர் கேட்பர். இதை நாங்கள் ஏற்கவில்லை. புகைப்போரில் பலர் அறியாப் பருவத்தில் தொடங்கி, விட முடியாமல் தவிப்பவர்கள். பிறரை ஆற்றுப்படுத்தும் இரக்கம் அவர்களுக்கு மட்டும் மறுக்கப்படலாமா? மேலும், நோய் முற்றியபின் வாங்கும் மருந்துகளுக்கும் பணம் செலவாகத்தானே செய்கிறது?

"உயிருக்கு விலையில்லை, எல்லோரையும் சோதியுங்கள்" என்பாரும் உளர். அவர்களது நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆயினும் இது கேடாகவும் முடியலாம். காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாட்டில், ஆறிய பழைய தழும்புகளும் ஸ்கேனில் கட்டியைப்போல் தோன்றி வீண் அச்சம் தரும். ஆகையால் இங்கிலாந்தின் கணக்கை அப்படியே நகலெடுத்தல் பொருந்தாது. அந்தந்த நாட்டின் நோய்க்கும் வருவாய்க்கும் ஏற்பத் தனியே கணக்கிட வேண்டும்.

ஆபத்து மிகுந்தோரை அன்போடு அழைத்து, சோதித்து, அதே இடத்தில் புகைப்பதை விடவும் துணைசெய்யும் திட்டமே செலவுக்குத் தக்க பயன் தரும் என்பது எங்கள் முடிவு. உயிருக்கு விலையில்லை என்பது உண்மையே. அதனாலேயே உயிர்காக்கும் பணத்தில் ஒரு காசும் வீணாகலாகாது.

பெற்றோர்களே, அருட்சகோதரிகளே, தோழியரே! எல்லாவற்றிலும் மலிவான மருத்துவம் ஒன்று உண்டு. அது முதல் சிகரெட்டை, முதல் பீடியைப் பற்றவைக்காதிருப்பது. அதற்கு ஸ்கேனும் வேண்டாம், கஜானாவும் வேண்டாம். நம் இல்லங்களில் புகைப்போர் இருப்பின், அவரைக் கடிந்து ஒதுக்காமல், விடுவதற்குக் கைகொடுப்போம். அத்தொண்டு நம் ஒவ்வொருவராலும் இன்றே இயலும்.