வலி மாத்திரையைத் தடை செய்யச் சொல்பவர்களுக்கு

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பையன்களைப் போலீஸ் பிடித்த செய்தியை நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே ஒருவர், "இந்த மாத்திரையையே மொத்தமா தடை பண்ணிட்டா பிரச்சனை தீர்ந்துதே" என்று எழுத, வரிசையாகக் கட்டை விரல்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான். ஆனால் நான் பழகும் ஒருவருக்கு இந்த மாத்திரை என்னவாக இருக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

அந்தம்மாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கணவர் லாரி ஓட்டியவர், இப்போது இல்லை. இதை எழுத அவரிடம் கேட்டுவிட்டேன். "பேரு மட்டும் வேண்டாம் டீச்சரம்மா" என்றார். எச்.ஐ.வி. என்றாலே சாவு என்று நம் ஊரில் பேசிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்த நோய். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து தர ஆரம்பித்தது. தொடங்கிய முதல் மையங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதற்குப் பிறகு ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்கள் வாழ்கிறார்கள். பேரன் பேத்தி எடுக்கிறார்கள்.

உயிர் தங்கிவிட்டது, வலி போகவில்லை. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. இந்த வைரஸ் நரம்புகளைத் தாக்கும். அது போதாதென்று, ஆரம்ப காலத்தில் கொடுத்த ஸ்டாவுடின் என்ற மருந்தும் கால் நரம்புகளைக் கெடுத்தது. விலை குறைவு, உயிரைக் காப்பாற்றியது, அதனால் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். 2009-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. மருந்து நின்றாலும் பலருக்குக் கெட்ட நரம்பு திரும்பவில்லை. அந்தம்மா சொல்வார்: "பாதத்துல மிளகாய் அரைச்சுப் பூசுன மாதிரி இருக்கு. ராத்திரி போர்வை பட்டாக்கூட தாங்க முடியல." காலைப் பார்த்தால் ஒரு காயம் இருக்காது. அதனால் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. எச்.ஐ.வி. நரம்பு வலிக்குப் பலன் தருவதாக ஆராய்ந்து சொல்லப்பட்டவற்றில் ஒன்று மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின். அதை அதிக அடர்த்தியில் பட்டையாக மருத்துவமனையில் வைத்து ஒட்டுவார்கள். சமையலறை மிளகாயை யாரும் அரைத்துப் பூசிவிடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

அடுத்து அபினி வகை மருந்துகள். மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால் எல்லாம் இந்தக் குடும்பம்தான். புற்றுநோய் முற்றியவருக்கு மார்ஃபின் கொடுப்பதில் எந்த டாக்டருக்கும் தயக்கம் இருக்கக் கூடாது. ஆனால் இன்னும் இருபது முப்பது வருஷம் வாழப் போகிற எச்.ஐ.வி. நோயாளிக்குத் தினமும் கொடுக்கலாமா என்பது வேறு கணக்கு. அமெரிக்க எச்.ஐ.வி. மருத்துவ வல்லுநர்கள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை முதல் மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நரம்பு வலிக்கு முதலில் காபாபென்டின், கூடவே உடற்பயிற்சி சிகிச்சை, மனநல ஆலோசனை. சில வகை வலிக்கு யோகாவைக்கூடச் சேர்த்திருக்கிறார்கள். நியாயமான அறிவுரை என்றே நினைக்கிறேன். நாள்பட அபினி மருந்து சாப்பிட்டால் மலச்சிக்கல் நிச்சயம், ஹார்மோன் குறையும், சிலருக்கு வலியே கூடுதலாகத் தெரிய ஆரம்பிக்கும், அளவு மீறினால் மூச்சே அடங்கும்.

அமெரிக்காவில் நடந்ததை மறக்கக் கூடாது. 1996-இல் ஆக்ஸிகான்டின் மாத்திரையை, அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள். 2007-இல் அந்தப் பர்டூ கம்பெனியே தவறாக விளம்பரம் செய்ததாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021-இல் மட்டும் அங்கே போதைப்பொருளும் மருந்தும் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். பெரும்பாலானவை இந்த வகையால்தான். இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு. 2016-இல் அங்கே கட்டுப்பாட்டு வழிகாட்டுதல் வந்ததும், வருஷக்கணக்காக ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் பல இடங்களில் திடீரென்று மருந்தை வெட்டினார்கள். வலி தாங்காமல் தவித்தார்கள். கடைசியில் 2022-இல், அதைக் கண்மூடித்தனமான சட்டம்போலப் பயன்படுத்தாதீர்கள் என்று திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக் கதை இன்னும் விசித்திரம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபினி பயிராகிறது. நீமுச்சிலும் காசிப்பூரிலும் அரசுத் தொழிற்சாலையே இருக்கிறது. ஆனால் 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, குறைந்தது 10 வருஷம் ஜெயில் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிகள் மார்ஃபினைத் தொடவே அஞ்சின. பன்னிரண்டு வருஷத்துக்குள் நாட்டின் மார்ஃபின் உபயோகம் 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. கேரளத்தில் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போராடி, 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. "மொத்தமா தடை பண்ணு" என்பதை நாம் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம். போதை ஒழிந்ததா? புற்றுநோயாளிகள் கத்திக்கொண்டே செத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தம்மாவுக்கு முதலில் நரம்பு மருந்துதான் கொடுத்தார்கள். அது போதவில்லை என்று பிறகு குறைந்த அளவில் டிரமடாலும் சேர்த்தார் டாக்டர். இரண்டு வருஷமாக அதே அளவு. ஒரு மாத்திரை கூட்டியதில்லை. 2018-இல் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது, சீட்டு இல்லாமல் தரக் கூடாது, சரி. இவரிடம் சீட்டு இருந்தது. ஒரு மருந்துக்கடையில் நாலு பேர் முன்னால், "ஏம்மா, இது உனக்கு எதுக்கு? யாருக்கு வாங்கிட்டுப் போற?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் என்ன பதில் சொல்வார்? நோயைச் சொன்னால் தெருவுக்கே தெரியும், சொல்லாவிட்டால் போதைக்காரி. பேசாமல் வந்துவிட்டார். மாத்திரை திடீரென்று நின்றதும் வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, தூக்கமே இல்லை. எச்.ஐ.வி. முற்றிவிட்டது என்று நினைத்து மகளுக்கு நகையைப் பிரித்துக் கொடுக்கவே உட்கார்ந்துவிட்டார். அது நோய் இல்லை, பழகிய மருந்து பட்டென்று நின்றதால் வந்தது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அழுதார்.

உடம்பு ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. நாள்பட இதைச் சாப்பிடும் யாருக்கும் உடம்பு பழகிவிடும்; குறைப்பதானால் டாக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். கெடுதல் என்று தெரிந்தும் அளவைக் கூட்டிக்கொண்டே தேடி அலைவதுதான் அடிமைத்தனம். இந்த இரண்டும் தெரியாமல் தீர்ப்புச் சொல்கிறோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிய கவலை. அவமானத்துக்குப் பயந்து எச்.ஐ.வி. இருப்பதை வலி டாக்டரிடம் மறைக்கிறார்கள். எச்.ஐ.வி. மருந்துகளில் ரிட்டோனாவிர், ஃபென்டனிலின் அளவை ரத்தத்தில் கூட்டி மூச்சை அடக்கிவிடும். எஃபாவிரென்ஸ், மெத்தடோனின் அளவைக் குறைத்துவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் அப்படித்தான். டாக்டருக்குத் தெரியாமல் போனால் உயிரே போகலாம். வாய் திறக்காதது நோயாளியின் குற்றமா, திறக்க விடாத நம் குற்றமா?

நம் பிள்ளைகளில் மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், போலீஸில் இருப்பவர்கள், நர்ஸாக இருப்பவர்கள் இருக்கிறீர்கள். சீட்டைச் சரி பாருங்கள், பதிவேட்டில் எழுதுங்கள், சந்தேகம் என்றால் எழுதிய டாக்டருக்கு போன் போடுங்கள். சீட்டே இல்லாமல் அட்டை அட்டையாகக் கேட்கும் பையனை விரட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் கவுன்ட்டரில் நிற்கும் ஒருவரை நாலு பேர் காதில் விழ விசாரிக்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது 2017-ஆம் வருஷச் சட்டப்படி கூடாது, அதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் இந்த மாத்திரை இருக்கிறவர்கள் பூட்டி வையுங்கள், பேரன் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம். வலி இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேளுங்கள்: எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது, என் மற்ற மருந்தோடு சேருமா?

அந்தம்மா இப்போது அளவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். வலி இன்னும் இருக்கிறது. முழுசாக நிறுத்த முடியுமா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. கமெண்ட்டில் யாரும் "இவங்களா டீச்சர், அவங்களா டீச்சர்" என்று கேட்காதீர்கள். கேட்டால் அழித்துவிடுவேன்.