சங்கரா மீனும் 20 ரூபாயும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். போன வாரம் அமராவதி ஆற்றைப் பற்றி எழுதியதற்கே "சார், சுருக்கமா எழுதுங்க" என்று பழைய மாணவர் ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று வரி எழுதிய ஆள் அவர். அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை.

இன்றைக்கு மீனைப் பற்றி. தாராபுரத்துக்காரனுக்கும் கடல் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். 31 வருஷம் சமூக அறிவியல் நடத்தினேன். தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 1076 கிலோமீட்டர் என்று எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! அந்தக் கரையில் உட்கார்ந்து ஒரு துண்டு மீன் தின்றது ரிட்டயர்டு ஆன பிறகுதான். நமக்கு மீன் என்றால் அணையில் பிடிக்கிற ஜிலேபிக் கெண்டை. கடல் மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமை தெர்மாகோல் பெட்டியில், ஐஸுக்குள் கண் வெளுத்துக் கிடப்பது. எங்கோ ஒரு துறைமுகத்தில் லாரி ஏறி, உக்கடம் மார்க்கெட்டில் இறங்கி, அங்கிருந்து நம்மூர் வருவதற்குள் தான் கடலில் இருந்ததே அதற்கு மறந்து போயிருக்கும்.

பையன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வாடகை வீடு. அவன் மாத வாடகை, நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய ஒரு வருஷச் சம்பளத்தை விட அதிகம். பொங்கல் முடிந்து நானும் வீட்டுக்காரம்மாவும் போயிருந்தோம். "அப்பா, உங்களுக்கு நல்ல மீன் வாங்கித் தர்றேன்" என்று ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப் போனான். பெயர் வேண்டாம். மெனு அட்டையில் விலை இருக்க வேண்டிய இடத்தில் 'சந்தை விலை' என்று போட்டிருந்தது. எந்தச் சந்தைங்க தம்பி என்று பரிமாறுகிற பையனைக் கேட்டேன். மகன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். ஒரு வவ்வால் மீன், ஒரு தட்டு இறால், நாலு பேருக்குச் சோறு. பில் 5,340 ரூபாய். மகன் கார்டை நீட்டிவிட்டான். என் பங்குக்கு நான் 200 ரூபாய் டிப்ஸ் வைத்தேன். ருசி குறை சொல்ல முடியாது. ஆனால் பில்லைப் பார்த்த பிறகு ருசி ஞாபகமில்லை.

மறுநாள் மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும், நாங்கள் இரண்டு பேரும் கலங்கரை விளக்கம் பார்க்கப் போனோம். பார்த்துவிட்டு அப்படியே லூப் ரோட்டில் தெற்கே நடந்தால் நொச்சிக்குப்பம். ஒரு பக்கம் படகும் வலையும், ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பெரிய தோசைக்கல், சிவப்பு மசாலா தடவி அடுக்கி வைத்த மீன். கடைக்கார அம்மாவுக்கு அறுபது இருக்கும். சோறும் மீன் குழம்பும் 120 ரூபாய். பொரித்த சங்கரா ஒன்று 100.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேரம் பேசினேன். "ரெண்டு சங்கரா 180 போட்டுக்குங்கம்மா" என்றேன். நம்மூர் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற வாய் சும்மா இருக்குமா? அந்தம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சரி நைனா, உக்காரு" என்று மீனைக் கல்லில் போட்டுவிட்டார்.

அந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனசில்லை. மேல்தோல் முறுகி, விரலால் தொட்டால் உள்ளே வெள்ளைச் சதை இதழ் இதழாக வந்தது. மீன் வாடை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இல்லை. புது மீனுக்கு அந்த வாடை கிடையாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குழம்பில் புளி நம்மூரை விடத் தூக்கல். மீனே சாப்பிடாத வீட்டுக்காரம்மா குழம்பு மட்டும் போதும் என்று ஆரம்பித்து, என் பங்கிலும் பாதி தின்றாள். பக்கத்து ஸ்டூலில் உணவு டெலிவரி செய்கிற தம்பி ஒருவன். யாரோ ஆர்டர் செய்த பிரியாணி பையில் காத்திருக்க, அவன் அவசரமாக நெத்திலியும் சோறும் தின்றுகொண்டிருந்தான்.

பெண்கள் பேச்சு பிடித்துக்கொண்டது. விடிய மூணு மணிக்கு எழுந்திருக்கிறாராம். படகு கரைக்கு வந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, கழுவி, மசாலா அரைத்து, பதினோரு மணிக்குக் கடை. வீட்டுக்காரர் இல்லை. மகன் படகில் போகிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரம்மா கேட்டாள்: "ஏனுங்க, நேத்து அந்த ஓட்டல்ல டிப்ஸ் எத்தன வெச்சீங்க?"

அதுக்கு மேல் ஒண்ணும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஊருக்கு வந்த பிறகும் இது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. விலை மலிவு என்றால் சரக்கு மட்டம் என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். இங்கே நேர்மாறு. ஃபைபர் படகு கரை ஏறும் இடத்துக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். லாரி இல்லை, ஏசி இல்லை, லட்சக்கணக்கில் வாடகை இல்லை. அந்த மட்டும் அது நியாயமான மலிவு. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. மூணு மணியிலிருந்து அந்தம்மா பார்க்கிற வேலைக்குக் கணக்கில் கூலியே இல்லை. முதல் மலிவு கடல் கொடுப்பது. இரண்டாவது அந்தம்மா கொடுப்பது. நான் 20 ரூபாய் குறைத்தது இரண்டாவதில்தான். கடலிடம் யாரும் பேரம் பேச முடியாது அல்லவா!

இந்த இடத்துக்கே 2023 ஏப்ரலில் ஒரு கண்டம் வந்தது. பலருக்கு ஞாபகம் இருக்கும். லூப் ரோட்டில் மீன் கடைகள் ஆக்கிரமிப்பு, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்ற, மீனவர்கள் படகைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தினார்கள், மீனை ரோட்டில் கொட்டினார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: ரோடு முந்தியா, குப்பம் முந்தியா? வலை காயப்போட்ட மண்ணில் பிறகு தார் போட்டுவிட்டு, வலைக்காரனைப் பார்த்து நீ ஆக்கிரமிப்பு என்றால் எப்படி? நான் வரலாறும் நடத்தியவன். எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புது மீன் அங்காடி திறந்தார்கள். நல்லது. மேற்கூரையும் தண்ணீரும் அவர்களுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியவை.

ஆனால் மீன் விற்பது வேறு, மீனைப் பொரித்துச் சோறு போடுவது வேறு. தார்ப்பாய்க்காரர்களுக்கு எந்தச் சுவரும் இல்லை. 2014-இல் தெருவோர வியாபாரிகளுக்கு என்று நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். படித்தால் சந்தோஷமாக இருக்கிறது. அந்தம்மாவிடம் போய், உங்களுக்குச் சான்று கொடுத்தார்களா என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள். உலகத்திலேயே விலை அதிகமான ஊர்களில் ஒன்று. அங்கேயும் ஒரு காலத்தில் தெருவெல்லாம் தள்ளுவண்டிதான். 1970-களில் தொடங்கி, அரசே கட்டடம் கட்டி, தண்ணீர்க் குழாய் போட்டு, அந்த வியாபாரிகளை உள்ளே உட்கார வைத்தது. இன்றைக்கும் கூலிக்காரனும் ஆபீஸரும் அங்கே ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். 2020-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாமோ பாதிப் பேரைத் துரத்துகிறோம், மீதிப் பேரை யூடியூபில் புகழ்கிறோம்.

மகனுக்கு இதைச் சொன்னேன். "அப்பா, அந்த எண்ணெயைப் பாத்தீங்களா?" என்றான். பார்த்தேன். கருப்பாகத்தான் இருந்தது. மசாலாவில் கலர்ப்பொடியும் கொஞ்சம் தூக்கல். ஏழைக் கடை என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். மறுபடி மறுபடி காய்ச்சும் எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கீழே கொட்ட வேண்டும் என்று 2018-இலிருந்து விதி இருக்கிறது. அதைச் சோதிக்கக் கையடக்கக் கருவியே வந்துவிட்டது. அதிகாரிகள் வாரம் ஒரு தடவை அந்தக் கருவியோடு வரட்டும். பழைய எண்ணெயை எடைக்கு வாங்கிக்கொள்ள ஆள் அனுப்பட்டும். புல்டோசரோடு வருவதை விட அது சுலபம். பிரஷர், கொழுப்பு உள்ளவர்கள் என்னைப் போல் குழம்பு மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். (சங்கராவை நான் தின்றது டாக்டருக்குத் தெரியாது.)

மே மாதம் மறுபடி போனேன். அது தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். சின்னப் படகுகளுக்குத் தடை இல்லை, ஆனால் வரத்து குறைவு, விலை ஏறிவிடும். சங்கரா 140 என்றார் அந்தம்மா. நம்மூர்க்காரர்களுக்கு வஞ்சிரம், வவ்வால் தவிர மற்றதெல்லாம் மீனே இல்லை. விலை குறைந்த மத்தியைத் தின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். அன்று மத்திதான் சாப்பிட்டேன். பேரம் பேசவில்லை. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிய என்ன இருக்கிறது, தினம் நூறு பேர் வருகிற இடம்.

காசு கொடுக்கும்போது 20 ரூபாய் சேர்த்து வைத்துவிட்டு, பழைய கணக்கு தீர்ந்தது என்று பத்தடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து குரல்: "யோவ் நைனா, 20 ரூபா ஜாஸ்தி வெச்சுட்டுப் போற பாரு!" எண்ணெய்க் கையோடு நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். எப்படிச் சொல்லி விளங்க வைப்பது? வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்னைப் பக்கம் போகிறவர்களுக்கு: கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே நடந்தால் போதும். பன்னிரண்டரைக்குள் போங்கள், ஒன்றரைக்கு மேல் நல்ல மீன் தீர்ந்துவிடுகிறது. சில்லறை கொண்டு போங்கள்.